இதழாசிரியன் என்ற படைப்பாளி: டொமினிக் ஜீவாவும் 'மல்லிகை'யும்

இலக்கிய வரலாறு எழுதுவோர் நூலாசிரியருக்கு அளிக்கும் இடத்தை இதழாசிரியருக்கு அளிப்பதில்லை. கதை எழுதியவன் பெயர் நிலைக்கிறது; அக்கதையைத் தெரிந்து, திருத்தி, அச்சேற்றி, வாசகன் கைவரை கொண்டுசேர்த்தவன் அடிக்குறிப்பில் ஒதுங்கிவிடுகிறான். ஒடுக்கப்பட்ட மக்களிடையே தோன்றிய ஆசிரியர் வகையில் இக்குறை வரலாற்றையே திரித்துவிடக்கூடியது. டொமினிக் ஜீவாவை (1927–2021) முன்வைத்து இதனை நோக்குகின்றோம். அவரது தலையாய படைப்பு அவர் எழுதிய சிறுகதைகளன்று, அவர் நடத்திய 'மல்லிகை'யே என்பது எமது துணிபு.

யாழ்ப்பாண நகரிற் சிகையலங்காரத் தொழிலைச் சார்ந்து வாழ்ந்த குடும்பத்திற் பிறந்தவர் ஜீவா. பள்ளியில் ஆசிரியர் ஒருவர் குலத்தொழிலைச் சுட்டி இழித்துரைத்தமையால் அவரது படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூனே பின்னர் அவருக்குப் பள்ளியும் வாசிகசாலையும் ஆயிற்று. தமிழகப் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்த காலத்தில் ஏற்பட்ட தொடர்பு அவரைப் பொதுவுடைமைக் கட்சிக்கு இட்டுச் சென்றது. 'ஜீவா' என்ற பெயரையும் தந்தது.

இவ்வாழ்வின் சமூகப் பின்புலத்தை விளங்கிக்கொள்ள நகரைவிட்டு வடக்கே சில மைல் செல்லல் வேண்டும். உரும்பிராய், கோப்பாய், கோண்டாவில் முதலிய செம்மண் ஊர்களில் ஆறில்லை. குடியும் பயிரும் கிணற்றையே நம்பியிருந்தன. ஆகவே கிணற்றின்மீதான உரிமையே சமூக அதிகாரமாயிற்று. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் பிறர் தோட்டங்களில் உழைத்த பஞ்சமர், தம் குடத்தை நிரப்ப உயர்சாதியார் கிணற்றடியில் யாரேனும் அள்ளி வார்க்கும்வரை காத்துநின்றனர். 1960இல் வெளிவந்த ஜீவாவின் முதற் சிறுகதைத் தொகுதி 'தண்ணீரும் கண்ணீரும்' எனப் பெயர் பெற்றது தற்செயலன்று. அந்நூல் இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. மக்களின் பேச்சுமொழியை 'இழிசனர் வழக்கு' எனப் பண்டிதர் சிலர் எள்ளிய சூழலில், பள்ளிப் படிப்பு முற்றாத சவரத் தொழிலாளி ஒருவரின் கதைகள் அரச விருது பெற்றமை அவர்களுக்கு உவப்பாயிருந்திராது.

1966 ஆகஸ்டில் 'மல்லிகை' தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் புறப்பட்டது. தேநீர்க் கடைகளிலும் கோயில் வாயில்களிலும் போராட்டம் மூண்ட காலம் அது. அவ்வியக்கத்தை முன்னின்று நடத்தியது பொதுவுடைமைக் கட்சியின் பீக்கிங் சார்பினர். ஜீவாவோ மொஸ்கோ சார்பில் நின்றவர். இப்பிளவு அவரது நண்பர் கே. டானியலையும் அவரையும் வெவ்வேறு அணிகளிற் சேர்த்தது. எனினும் மல்லிகையை அணியொன்றின் பிரசார ஏடாக அவர் சுருக்கிவிடவில்லை. மலையகத்தார், முஸ்லிம்கள், தென்னிலங்கைச் சிங்கள எழுத்தாளர் என எல்லோருக்கும் அதில் இடம் இருந்தது. எழுத்தாளரின் உருவப்படத்தை அட்டையிற் பதிக்கும் வழக்கம் சிறு செய்தியாகத் தோன்றலாம். சினிமா நடிகையரின் படங்களோடு தமிழக வாரப் பத்திரிகைகள் கடைகளில் நிறைந்து தொங்கிய காலத்தில் அதன் பொருளே வேறு.

இவ்விடத்து அமெரிக்க அனுபவமொன்று ஒப்புநோக்கத்தக்கது. ஜெஸி போசெற் (1882–1961) கோர்னெல் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்மணி. 'த கிரைசிஸ்' இதழின் இலக்கிய ஆசிரியர். கறுப்பினக் குழந்தைகளுக்கென டு போய்ஸ் முதலியோருடன் 'த பிரவுனீஸ் புக்' என்ற மாத இதழை 1920, 1921 ஆகிய ஆண்டுகளில் நடத்தி, அதன் பெரும் பகுதியைத் தாமே எழுதினார். கிரைசிஸின் சிறுவர் சிறப்பிதழிலும், கறுப்பின மக்கள் கும்பல்களாற் கொல்லப்பட்ட செய்திகளை வெளியிட நேர்ந்தமையே அவ்விதழ் தோன்றக் காரணம். வெறுப்பைக் கற்பிக்காமல் தன்மானத்தைக் கற்பிப்பது எவ்வாறு என்பதே அவர்கள்முன் நின்ற வினா. லாங்ஸ்ரன் ஹியூஸ் என்ற இளைஞரின் தொடக்ககால எழுத்துக்கள் அதில் வெளிவந்தன. பணமுடையால் 24 இதழ்களோடு அது நின்றது. 1926இல் கிரைசிஸை விட்டு விலகிய போசெற்றுக்குப் பதிப்பகங்களில் வேலை கிடைக்கவில்லை. பள்ளி ஆசிரியராகவே அவர் காலம் கழிந்தது. அவர் நான்கு நாவல்கள் எழுதியவர் என்பது நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது.

ஜீவா குழந்தைகளுக்காக இதழ் நடத்தியவரல்லர். ஆயினும் பள்ளியிலிருந்து விரட்டப்பட்ட சிறுவனே மல்லிகையின் உள்ளிருந்து இயங்கினான் என்று கருத இடமுண்டு. போசெற்றின் இதழை வீழ்த்திய பணமுடை இங்கும் இருந்தது. ஜீவா சந்தா திரட்டினார், அச்சகத்தில் நின்றார், இதழைத் தோளிற் சுமந்து வீதிவீதியாக விற்றார். அவ்வுழைப்பே இதழைக் காத்தது. அவ்வுழைப்பே அவரது புனைகதையையும் விழுங்கியது. 'பாதுகை', 'சாலையின் திருப்பம்' ஆகிய தொகுதிகளை அறுபதுகளிலேயே தந்தவர், பின்னர் அவ்வேகத்தில் எழுதவில்லை. இதனை இழப்பென்போர் உளர். மல்லிகையில் நலிந்த ஆக்கங்களும் இடம்பெற்றன என்பதையும் மறைப்பதற்கில்லை. கறாரான தெரிவு அவரது இயல்பன்று. ஆனால் அத்தளர்ந்த கையே பெயர் அறியாத பல இளைஞரின் முதற் கையெழுத்துப் பிரதியை ஏற்றுக்கொண்டது. கறாரான ஆசிரியரொருவர் அவர்களிற் பலரைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வின் பின்னர் ஜீவா கொழும்பிலிருந்து இதழைத் தொடர்ந்தார். 2012 வரை வெளிவந்த மல்லிகை 400 இதழ்களைக் கடந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஈழத்து இதழ்த் தொகுதிகளிற் பல அழிந்தன. மல்லிகையின் இதழ்கள் பல இன்று நூலக நிறுவனத்தின் மின்வடிவத் திரட்டில் வாசிக்கக் கிடைக்கின்றன. அவற்றுக்கு முழுமையான பொருளடைவொன்று தயாரித்தல் தமிழ்த்துறை மாணவர் மேற்கொள்ளக்கூடிய பணியாகும்.