மிளகுக் கிடங்கில் ஓவியக் கண்காட்சி

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது, ஆடியில் விழாவும் உண்டு. ஆனால் ஓரிக்குப் பிறகு இந்த மலை யார் கைக்குப் போனது என்று கேட்டால் என் வகுப்பில் பாதிப் பேர் முழிப்பார்கள். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது சங்க இலக்கியம். அந்தச் சேரரின் துறைமுகம்தான் முசிறி. யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய இடம். (எங்கள் மலையில் இன்றும் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக்கிடப்பது அதே மிளகுக் கொடிதான்.)

சரி, விஷயத்துக்கு வருவோம். 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் முசிறியை மண்மூடச் செய்து கொச்சியைத் திறந்துவிட்டது என்பார்கள். மிளகு வியாபாரம் அங்கே போனது. 1867இல் ஜான் ஆஸ்பின்வால் என்ற ஆங்கிலேயர் அங்கே ஒரு கம்பெனி தொடங்கினார். தேங்காய் எண்ணெய், மிளகு, மரம், இஞ்சி, மஞ்சள், பிறகு கயிறு, காபி, தேயிலை, ரப்பர். ஃபோர்ட் கொச்சிக் கடலோரத்தில் பெரிய கிடங்குகள், அலுவலகம், பங்களா என்று ஒரு வளாகமே எழுந்தது.

வணிகவியல் புத்தகத்தில் கிடங்கு "காலப் பயன்" தருகிறது என்று படிக்கிறோம். அதாவது சரக்கு காத்திருக்க ஓர் இடம். சரக்கே வராவிட்டால்? அதுதான் நடந்தது. ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தூர்வாரி வில்லிங்டன் தீவை உருவாக்கியதும் கப்பல்கள் அந்தப் பக்கம் போயின. 2011இல் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் முனையமும் வந்துவிட்டது. பழைய கரையில் மிஞ்சியது வெறும் சுவரும் ஓடும்தான்.

இப்படி ஆன கட்டடத்தை நம் ஊரில் என்ன செய்வோம்? பெரம்பூர் பின்னி மில் இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்தன. லண்டனில் 1981இல் நின்றுபோன ஒரு மின் நிலையம் 2000இல் டேட் மாடர்ன் கலைக்கூடம் ஆனது. கொச்சியில் போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு ஓவியர்கள் 12.12.12 அன்று ஆஸ்பின்வால் கிடங்கில் கொச்சி-முசிறிஸ் பினாலேயைத் தொடங்கினார்கள். தொடக்க நாளில் பாடியது யார் தெரியுமா? ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகள் எம்.ஐ.ஏ.!

அந்த முதல் பினாலேயில் விவான் சுந்தரம் செய்த படைப்பின் பெயர் 'கறுப்புத் தங்கம்'. முசிறி என்று கருதப்படும் பட்டணத்தில் அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளைக் கொண்டு ஒரு நகரத்தையே பரப்பி, வீடியோவில் அதை நீரில் மூழ்கவிட்டு மிளகை மிதக்கவிட்டார். மிளகுக் கிடங்குக்கு இதைவிடப் பொருத்தமாக எதை வைப்பது? 2016இல் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரிதா அதே வளாகத்தில் ஒரு பெரிய அறை முழுக்கக் கடல்நீரை நிரப்பினார். கடலில் இறந்த சிரிய அகதிச் சிறுவன் காலிப் குர்திக்காக. கவிதையைப் படிக்க வேண்டுமானால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும்.

எல்லாம் இனிக்கவில்லை. அரசுப் பணம் இதற்கா என்று கேரள ஓவியர்கள் சிலரே முதலில் சண்டை போட்டார்கள். 2022இல் மழை ஒழுகி, மின்சாரம் சரியில்லாமல், டிசம்பர் 12 திறப்பு 23க்குத் தள்ளிப்போனது. கலைஞர்களே கண்டித்துப் பொதுக் கடிதம் எழுதினார்கள். பழைய கட்டடம் என்றால் சும்மாவா?

எனக்கு உறுத்துவது வேறொன்று. நம் கண்ணில் படுவது ஆஸ்பின்வால் என்ற முதலாளி பெயர்தான். மூட்டை தூக்கியவர்கள்? பக்கத்து மட்டாஞ்சேரியில் 'சாப்பா' என்றொரு முறை இருந்தது. காலையில் கூடி நிற்கும் கூலிகள் நடுவே உலோக டோக்கன்களை வீசி எறிவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை, மற்றவன் வீட்டில் பட்டினி. இதை எதிர்த்த தொழிலாளர்கள் மீது 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. ராஜீவ் ரவி எடுத்த 'துறமுகம்' (2023) படம் இந்தக் கதைதான். கொச்சிக்குப் போகிறவர்கள் போகும் முன் அந்தப் படத்தைப் பார்த்துவிடுங்கள். கிடங்குக்குள் நுழைந்ததும் ஓவியத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கதவின் அகலத்தைப் பாருங்கள். மூட்டையோடு ஆள் நுழைய விட்ட அகலம் அது.