வேலியிட்ட புல்வெளியும் ஊர்ப்பொதுத் திடலும்: குழிப்பந்தாட்டக் களங்களின் வழி நிலவுரிமை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

குழிப்பந்தாட்டம் (கோல்ஃப்) செல்வர்க்குரிய ஆட்டம் என்னும் எண்ணம் தமிழ்ச் சூழலில் நிலைபெற்றுள்ளது. ஆயினும் அவ்வாட்டம் தோன்றி வளர்ந்த ஸ்காட்லாந்தில் அது நகரப் பொதுநிலத்தில் ஆடப்பட்டது. ஒரே ஆட்டம் ஓரிடத்தில் பொதுவாகவும் மற்றோரிடத்தில் தனியுரிமையாகவும் அமைந்தமைக்கான காரணத்தை நிலவுரிமை வரலாற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது. செயின்ட் ஆண்ட்ரூஸ், மூர்ஃபீல்டு, கிண்டி, தில்லி ஆகிய இடங்களின் களங்கள் ஒப்பிடப்படுகின்றன. அவ்வொப்பீட்டின் ஒளியில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஊர்ப்பொது நிலங்கள் நோக்கப்படுகின்றன.

குறிச்சொற்கள்: குழிப்பந்தாட்டம், பொதுநிலம், புறம்போக்கு, மந்தைவெளி, குத்தகை, பெரம்பலூர், அரியலூர்.

முன்னுரை

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் எல்லையாக அமைந்த நிலப்பரப்பு பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களாக இன்று அறியப்படுகின்றது. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதிலிருந்து அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் இணைக்கப்பெற்று, 2007 நவம்பரில் நிலையாகப் பிரிந்தது. மானாவாரி வேளாண்மையும் சுண்ணாம்புக்கல் அகழ்வும் இப்பகுதியின் இரு முகங்கள். இங்குக் குழிப்பந்தாட்ட மரபு வேரூன்றவில்லை. சிறுவர் ஆடும் இடங்கள் மந்தைவெளியும் களத்துமேடும் நீர் வற்றிய ஏரியின் உட்புறமுமே ஆகும்.

அவ்வாறாயின் குழிப்பந்தாட்டத்தைப் பற்றிய ஆய்வுக்கு இம்மண்ணோடு என்ன தொடர்பு என்னும் வினா எழலாம். ஓர் ஆட்டக்களம் யாருக்குரியது, அதனுள் நுழைய ஒருவருக்கு உரிமை உண்டா அல்லது இசைவு வேண்டுமா என்பன எல்லா ஊர்த் திடல்களுக்கும் பொருந்தும் வினாக்கள். மிகுதியான நிலத்தை வேண்டும் ஆட்டமாதலால் குழிப்பந்தாட்டத்தின் வரலாற்றில் இவ்வினாக்கள் தெளிவாகப் புலப்படுகின்றன.

ஆட்டமும் நிலத்தேவையும்

பதினெட்டுக் குழிகள் கொண்ட முழுக் களத்திற்கு ஏறத்தாழ 120 ஏக்கர் நிலம் தேவைப்படும். ஒரு குழிக்கு நால்வர் வீதம் களம் நிறைந்திருக்கும் வேளையிலும் ஆடுவோர் 72 பேரே. அதாவது ஓர் ஆட்டக்காரருக்கு ஏறத்தாழ 1.67 ஏக்கர். ஆடவர் கபடிக் களமோ 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. அதில் பதினால்வர் ஆடுவர். ஒருவருக்கு வரும் பரப்பு பத்துச் சதுர மீட்டருக்கும் குறைவு. இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு எழுநூறு மடங்கிற்கும் மேல்.

ஒரு எக்டேருக்கும் குறைவான, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு உட்பட்ட நிலமுடையோரைக் குறுவிவசாயி என அரசு வகைப்படுத்துகின்றது. குழிப்பந்தாட்டக்காரர் ஒருவருக்கு ஆடும் நேரத்தில் தேவைப்படும் நிலம், குறுவிவசாயக் குடும்பம் ஒன்று ஆண்டு முழுவதும் பிழைக்கும் நிலத்திற்கு ஒப்பானது எனலாம். எனவே இவ்வாட்டத்தில் நுழைவுக் கட்டணம் இரண்டாவது வினாவே. நிலம் யாருடையது, எந்நிபந்தனையில் பெறப்பட்டது என்பதே முதல் வினா.

பொதுநிலத்தில் பிறந்த ஆட்டம்

ஸ்காட்லாந்தின் கடற்கரை ஊர்களில் உழவுக்கு உதவாத மணற்பாங்கான புல்வெளிகள் இருந்தன. ஆடு மேய்த்தல், முயல் வளர்த்தல், துணி உலர்த்தல், பந்தாடல் ஆகிய யாவும் அங்கு நிகழ்ந்தன. தமிழக மந்தைவெளியோடு ஒப்பிடத்தக்க நிலங்கள் அவை. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1552ஆம் ஆண்டு பேராயர் ஜான் ஹாமில்டன் வழங்கிய உரிமை ஆவணம், அந்நிலத்தில் முயல் வளர்க்கும் உரிமையோடு, நகர மக்கள் பந்தாடும் உரிமையையும் ஏற்று உறுதிசெய்தது.

எழுத்தில் உரிமை இருந்தும் அந்நிலம் ஒருமுறை கைமாறிற்று. கடன்பட்ட நகர மன்றம் 1797இல் அதனை விற்றது. வாங்கியோர் வணிக நோக்கில் முயல் வளர்க்கத் தலைப்பட்டனர். அவர்களுக்கும் ஆட்டக்காரர்க்கும் இடையே நெடிய வழக்கு மூண்டது. 1821இல் ஆட்டத்தில் ஈடுபாடுடைய உள்ளூர் நிலவுடைமையாளர் ஜேம்ஸ் சீப் அந்நிலத்தை வாங்கியமையால் களம் பிழைத்தது. 1894இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி நிலம் மீண்டும் நகரத்திற்கு உரியதாயிற்று. 1974ஆம் ஆண்டுச் சட்டம் அதன் மேலாண்மையை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. உலகப்புகழ் பெற்ற சங்கத்தின் மாளிகை களத்தின் தொடக்கத்திலேயே நிற்கின்றது; எனினும் களம் அச்சங்கத்தின் உடைமையன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய களத்தில் ஆட்டம் நிறுத்தப்படுகின்றது. நகர மக்கள் அதனூடே நடை பயில்கின்றனர்.

இதற்கு நேர்மாறான வரலாறும் அதே நாட்டில் உண்டு. எடின்பரோ நகர ஆட்டக்காரர் சங்கம் 1744இல் லீத் ஊரின் பொதுவெளியில் ஆடிற்று. இன்று கிடைக்கும் மிகப் பழைய ஆட்ட விதிகள் பதின்மூன்றும் அச்சங்கம் வகுத்தவையே. கூட்டம் பெருகவே 1836இல் அது மசல்பரோவின் பொதுக்களத்திற்குப் பெயர்ந்தது. அங்கும் நெரிசல் மிக, 1891இல் மூர்ஃபீல்டில் தனக்கெனத் தனிக்களம் அமைத்துக்கொண்டது. பெண்களை உறுப்பினராகச் சேர்க்கும் தீர்மானம் அங்கு 2016இல் போதிய வாக்குப் பெறாமல் தோற்று, 2017இல்தான் நிறைவேறியது. பொதுவெளியில் பிறந்த சங்கம் தனிவெளிக்குப் பெயர்ந்தபின், யார் உள்ளே வரலாம் என்பதை உறுப்பினரின் வாக்கே முடிவு செய்தது. ஆட்டமும் நாடும் ஒன்றே; நிலவுரிமை மட்டுமே வேறு.

கிண்டி: அரசு நிலத்தில் தனியார் வேலி

இந்தியாவிற்கு இவ்வாட்டம் வந்தபோது பொதுவெளி மரபு உடன் வரவில்லை. சங்க மரபே வந்தது. 1829இல் தோன்றிய கல்கத்தாக் களம் பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே அமைந்த மிகப் பழைய குழிப்பந்தாட்டச் சங்கத்தினுடையது. சென்னையில் 1832இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் கிளப் நெடுங்காலம் ஐரோப்பியர்க்கே உரியதாக இருந்தது. இந்தியரும் ஐரோப்பியரும் கலந்து பழகுவதற்கென 1873இல் காஸ்மாபாலிட்டன் கிளப் தோன்றியது. 1884இல் மெட்ராஸ் ஜிம்கானா கிளப் தொடங்கப்பட்டது. கிண்டியில் குதிரைப் பந்தயத் தடத்தின் உள்வட்டத்தில் ஜிம்கானா கிளப்பின் குழிப்பந்தாட்டக் களம் அமைந்திருந்தது.

கிண்டி நிலத்தின் வரலாறு இவ்வாய்வின் மையமாகும். 160.86 ஏக்கர் அரசு நிலம் 1940களின் நடுவில் 99 ஆண்டுக் குத்தகையாக மெட்ராஸ் ரேஸ் கிளப்பிற்கு வழங்கப்பட்டது. ஆண்டு வாடகை ஏறத்தாழ 614 ரூபாய். ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஆண்டொன்றுக்கு நான்கு ரூபாய்க்கும் குறைவு. வாடகையை உயர்த்த 1970 முதல் அரசு முயன்றது, வழக்குகள் நீண்டன. 730.86 கோடி ரூபாய் நிலுவையைச் செலுத்துமாறு 2023இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை நீக்கி அவ்விடத்தைக் கையகப்படுத்த முற்பட்டது. அதனையொட்டியும் வழக்குகள் எழுந்தன. அந்நிலத்தில் 118 ஏக்கரைப் பசுமைப் பூங்காவாக்கத் தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கும் ஆணையும் அவ்வாண்டே வெளியாயிற்று. மழைநீரைத் தேக்கக் குளங்களும் வெட்டப்பட்டன. உதகமண்டலத்தின் பந்தயத்திடலும் அதே ஆண்டு அரசின் கைக்கு வந்தது.

கிண்டி நிலம் என்றுமே தனியார் சொத்தாக இருந்ததில்லை. அது அரசு நிலமாகவே இருந்துகொண்டு, பொதுமக்களுக்குப் பல தலைமுறைகள் மூடப்பட்டிருந்தது. அரசு நிலமும் பொதுநிலமும் ஒன்றல்ல என்னும் வேறுபாட்டை இதினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

சங்க மரபின் மற்றொரு கூறு உடைக்கட்டுப்பாடு. 2014இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க மனமகிழ் மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழாவிற்கு வேட்டி அணிந்து சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தமிழர் உடைக்குத் தமிழகத் தலைநகரிலேயே இந்நிலையா என்னும் கொதிப்பு எழுந்தது. அவ்வாண்டே சட்டமன்றம் அத்தகைய தடையை நீக்கும் சட்டத்தை இயற்றியது. வேட்டி கட்டியவர் வாயிலைக் கடக்க அச்சட்டம் வழி செய்தது. உறுப்பினர் அல்லாதார் களத்தில் இறங்க அது வழி செய்யவில்லை.

கட்டணம் செலுத்தி ஆடும் பொதுக்களம்

தில்லி வளர்ச்சி ஆணையம் 2000ஆம் ஆண்டு குதுப் பகுதியில் திறந்த களம் இந்தியாவின் முதல் பொதுக் குழிப்பந்தாட்டக் களமாகக் கருதப்படுகின்றது. உறுப்பினர் அல்லாதாரும் கட்டணம் செலுத்தி அங்கு ஆடலாம். பரிந்துரைப்போர் வேண்டா, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டா. தனியார் களத்தோடு ஒப்பிட இது பெரிய மாற்றமே. எனினும் மட்டைகளின் விலையும் ஆட்டக் கட்டணமும் கூலித்தொழிலாளர்க்கு எட்டாதவை.

அவ்வுழைப்பாளர் குடும்பங்களிலிருந்து இந்திய ஆட்டத்திற்குக் கிடைத்த பங்களிப்பு சிறிதன்று. 1991இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், தில்லிக் களத்தில் பிறருடைய மட்டைப் பையைச் சுமந்தவர். 2009இல் அப்பட்டத்தை வென்ற சின்னசாமி முனியப்பா பெங்களூரில் அத்தொழிலிலிருந்தே மேலெழுந்தார். 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்ற சௌரசியா, கல்கத்தாக் களத்தின் புல்வெளிப் பராமரிப்பாளர் ஒருவரின் மகன். இவர்களுக்குக் களம் திறந்தது உறுப்புரிமையால் அன்று. பணியாளர் வாயில் வழியாக. திறமை எங்கும் உண்டு. நிலத்தை அணுகும் வாய்ப்பே அரிது என்பதற்கு இம்மூவர் சான்று.

பெரம்பலூர், அரியலூர்: ஊர்ப்பொதுவின் நிலை

தமிழகத்தில் ஊர்ப்பொதுவுக்கு நெடிய எழுத்து மரபு உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டுகள் ஊர்களின் நிலத்தைக் கணக்கிடுகையில் ஊர்நத்தம், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சுடுகாடு முதலியவற்றை இறையிலியாகக் கழிக்கின்றன. பழைய நிலக்கொடை ஆவணங்கள் மன்றையும் கன்று மேயும் பாழையும் தனித்துச் சுட்டுகின்றன. ஆயினும் அக்கல்வெட்டுகளே பறைச்சேரியையும் கம்மாணச்சேரியையும் தனியே பிரித்துக் காட்டுகின்றன. ஊர்ப்பொது என்பது ஊரார் அனைவர்க்கும் ஒரே அளவில் திறந்திருந்தது என்று கொள்ள இடமில்லை. பழம்பெருமை பேசுகையில் இது மறக்கத்தக்கதன்று.

பிற்காலத்தில் இப்பகுதி உடையார்பாளையம் போன்ற ஜமீன்களின் ஆட்சிக்கு உட்பட்டது. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பொது நிலங்கள், புறம்போக்குகள், மேய்ச்சல் நிலங்கள், காடுகள், ஏரிகள் ஆகிய யாவும் அரசைச் சாரும் என விதித்தது. ஜமீன்தாரின் பிடியிலிருந்து நிலம் விடுபட்டமை வரலாற்று நன்மையே. அதே வேளையில், ஊராரின் வழக்காற்று உரிமை அரசின் உடைமையாக உருமாறியது. மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளிப் புறம்போக்கு, களம் புறம்போக்கு என வருவாய்ப் பதிவேடுகளில் அவை இன்று வழங்கப்படுகின்றன. சிறுவர் ஆடும் திடல் பெரும்பாலும் இவற்றுள் ஏதேனும் ஒரு பெயரில் மறைந்துள்ளது. ஆட்டம் அங்கு நிகழ்வது வழக்கத்தால்; பதிவால் அன்று. வகைமாற்றம் செய்து வேறு பயனுக்கு ஒதுக்கப்படும் நாளில், அங்கு விளையாடியோரிடம் காட்டுவதற்கு ஆவணம் ஏதும் இராது.

ஊர்ப்பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி மக்களிடம் மீட்டளிக்கத் திட்டம் வகுக்குமாறு உச்சநீதிமன்றம் 2011 சனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. இத்தீர்ப்பு தனியார் ஆக்கிரமிப்புக்கு எதிரான வலிய கருவி. கிண்டியில் நிகழ்ந்தது போல அரசே முறைப்படி குத்தகைக்கு விடும் நிலையோ வேறு வகையானது.

பொதுக்களத்தின் பயனுக்கு இம்மண்ணிலேயே சான்று உண்டு. அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோவில்பட்டி விடுதியில் பயின்று இந்திய ஹாக்கி அணியில் இடம்பெற்றார். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக அவர் கோல் அடித்தார். அரசுச் செலவில் இயங்கும் களமும் விடுதியும் இல்லையேல், எளிய குடும்பத்து இளைஞர் ஒருவருக்கு அவ்வழி திறந்திராது. அவ்வாய்ப்பைத் தேடி அவர் சொந்த மாவட்டத்தை விட்டுத் தெற்கே செல்ல நேர்ந்தது என்பதும் கருதத்தக்கது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, குழிப்பந்தாட்டம் இயல்பிலேயே செல்வர் ஆட்டம் அன்று. நிலத்தை அடைந்த முறையே அதனை அவ்வாறு ஆக்கிற்று. இரண்டாவது, குறைந்த கட்டணம் ஒரு களத்தைப் பொதுவாக்கிவிடுவதில்லை. கட்டணத்தை நிருவாகம் நாளை உயர்த்தலாம். எழுதப்பட்ட உரிமையை அவ்வாறு மாற்ற இயலாது. மூன்றாவது, நிலம் அரசுடையது என்பது மட்டும் மக்களுக்குக் காப்பாகாது. செயின்ட் ஆண்ட்ரூஸில் நகர மன்றமே விற்றது. கிண்டியில் அரசே குத்தகைக்கு விட்டது. முன்னதை மீட்டு நிலைநிறுத்தியது உடைமையாளரின் கையையும் கட்டும் சட்டம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஊர்த்திடல்களுக்கு இன்று தேவைப்படுவது அத்தகைய எழுத்தே. சிறுவர் ஆடும் மந்தைவெளியும் களத்துமேடும் கிராம சபைத் தீர்மானத்தின் வழி அளந்து, விளையாட்டுத் திடல் என்னும் பெயரிலேயே பதிவேட்டில் ஏறுதல் வேண்டும். சேரிச் சிறுவர்க்கும் ஊர்ச் சிறுவர்க்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அங்கு ஒத்த உரிமை உண்டு என்பதும் அதே தீர்மானத்தில் இடம்பெறல் வேண்டும். 1552ஆம் ஆண்டு ஆவணம் ஒரு சிறு கடற்கரை நகரத்திற்கு அளித்தது, தன் திடல் தன்னுடையது என்று வழக்காடுவதற்கான ஓர் ஏட்டை. இவ்வூர்களின் கையில் அத்தகைய ஏடு இன்னும் இல்லை.