பேனார்டு கோட்டையும் அதன் பெயர் தாங்கிய இடங்களும்

பேனார்டு கோட்டை, லண்டன் மாநகரின் மேற்கு ஓரத்தில் தேம்ஸ் ஆற்றை ஒட்டி நார்மானியர் கட்டியது. முதலாம் வில்லியமுடன் வந்த ரால்ஃப் பேனார்டின் பெயர் அதற்கு நிலைத்தது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர் குடும்பம் கோட்டையைப் பறிகொடுத்தது; பின்னர் அது ஃபிட்ஸ்வால்ட்டர்கள் கைக்கு வந்தது. 1213இல், தன்னை எதிர்த்த ராபர்ட் ஃபிட்ஸ்வால்ட்டரைப் பழிவாங்க ஜான் மன்னர் அதை இடித்துத் தள்ளினார். 1270களில் மனையும் டொமினிக்கன் துறவியருக்குப் போயிற்று; அவர்களின் கறுப்பு அங்கியால் அப்பகுதி பிளாக்ஃபிரையர்ஸ் ஆனது. ஆனாலும் மாநகரின் 25 வார்டுகளில் ஒன்றுக்கு இன்றும் காசில் பேனார்டு என்றே பெயர். கட்டடம் போன பின்னும் பெயரைக் காத்தது, கோட்டைக்கு உரியவர் நகரத்தின் மேல் வைத்திருந்த உரிமையே எனலாம். மனையை விற்றபோதும் ஃபிட்ஸ்வால்ட்டர்கள் அவ்வுரிமையை விடவில்லை. 1303இல் மேயர் முன்னிலையில் அதை மீண்டும் எடுத்துரைத்தனர். அதன்படி, போர் வந்தால் குடும்பத் தலைவர் படைவீரர் சூழக் குதிரையேறி செயின்ட் பால் பேராலயத்தின் மேற்கு வாசலுக்கு வருவார். மேயர் நகரக் கொடியையும் 20 பவுண்டு பெறுமான குதிரையையும் அவரிடம் ஒப்படைப்பார். மாறாக, பக்கத்திலேயே இருந்து, அதே துறவியர் மடத்துக்குள் மறைந்த மான்ட்ஃபிசே கோபுரத்தின் பெயர் எந்த வார்டுக்கும் வாய்க்கவில்லை.

வார்டின் பெயர் பழைய கோட்டையிலிருந்து வந்ததல்ல, பின்னாளில் ஆற்றங்கரையில் அதே பெயரில் எழுந்த மாளிகையிலிருந்து வந்தது என்று வாதிடலாம். 1483இல் மூன்றாம் ரிச்சர்டுக்கு அரியணை ஏற அழைப்பு விடுக்கப்பட்டது அங்கேதான். 1666 பெருந்தீயில் அது அழியும்வரை ஊரறிந்த மாளிகை. ஆனால் 13ஆம் நூற்றாண்டு நகர ஏடுகளிலேயே வார்டின் பெயர் இருக்கிறது. ஆகவே மாளிகைதான் பழம்பெயரை வாங்கிக்கொண்டது.

மேற்கே தள்ளியிருக்கும் பேஸ்வாட்டர் பகுதியின் பெயரையும் பேனார்டோடு சேர்ப்பது வழக்கம். 1086இன் டூம்ஸ்டே ஏட்டில் பேனார்டு என்பவர் வெஸ்ட்மின்ஸ்டர் மடாதிபதியின் கீழ் நிலம் வைத்திருந்தது உண்மைதான். ஆனால் 1380இல் அவ்விடம் ‘பேயார்ட்ஸ் வாட்டரிங் பிளேஸ்’ என்று பதிவாகிறது. அக்காலத்தில் பேயார்ட் என்றால் செம்பழுப்புக் குதிரை. பேனார்டின் நடுவில் உள்ள ‘ன்’ ஒற்று பேச்சில் தேய்ந்து பேயார்ட் ஆகியிருக்கலாம் என்பார்கள், தேயலாம்தான். இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளை ஓர் ஒற்றின் தேய்வு நிரப்பாது. சாலையோர ஓடையில் குதிரைகள் தண்ணீர் குடித்த துறை என்ற எளிய விளக்கமே ஏற்புடையது. பேஸ்வாட்டரைப் பேனார்டின் கணக்கில் எழுதாதிருப்பதே முறை.