பேரரசின் நடுவே ஒரு சிறு தீவு

லேக் மார்க்கெட்டையும் அதனைச் சூழ்ந்த தெருக்களையும் தம் ஊராக்கிக்கொண்ட நம் தமிழ்க் குடும்பங்களுள், சந்தன்நகருக்குச் சென்று வந்தவர்கள் மிகுதியாக இருக்க மாட்டார்கள். ஜகத்தாத்ரி பூஜையின்போது அவ்வூரின் விளக்கு அலங்காரத்தைக் காணச் சென்றோர் சிலர் உண்டு. மற்றையோர்க்கு அது பாண்டெல் வண்டி நின்று புறப்படும் நிலையங்களுள் ஒன்று, அவ்வளவே. ஆனால், பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்கள் எவை என்று பள்ளியில் ஆசிரியர் கேட்டபோது, புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் என்று அடுக்கி, ஐந்தாவதாகச் 'சந்திரநாகூர்' என்று சொல்லி முடித்தோமே, அந்தச் சந்திரநாகூர்தான் இது. ஹௌராவிலிருந்து ஏறத்தாழ இருபது மைல். ஒரு மணி நேரப் பயணம்.

அவ்வூரின் பரப்பு சுமார் மூன்று சதுர மைல். ஒருபுறம் ஹூக்ளி ஆறு. ஏனைய புறங்களிலெல்லாம் பிரிட்டிஷ் மண். கடல் சூழ்ந்த தீவு அன்று அது; பேரரசு சூழ்ந்த தீவு. அதற்கு எதிரில், ஆற்றின் கீழ்ப்போக்கில், 1911ஆம் ஆண்டில் தலைநகர மாற்றம் அறிவிக்கப்படும் வரையில் இந்தியா முழுவதையும் ஆண்ட கல்கத்தா மாநகர். உலகின் மிகப் பெரிய வல்லரசு ஒன்றும், வரைபடத்தில் விரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய சிற்றூர் ஒன்றும் இருநூறு ஆண்டுகள் அருகருகே வாழ்ந்த கதை, கூர்ந்து நோக்கத்தக்கது. பெரியதில் வாழ்வது நன்றா, சிறியதில் வாழ்வது நன்றா என்ற கேள்விக்கு விடை தேடுவோர்க்கு, அது நம் வாயிலிலேயே கிடக்கிறது.

மூத்த ஊர்

வயதில் சந்திரநாகூரே மூத்தது. பிரெஞ்சுக்காரர் 1673இல் அங்கே இடம் பெற்று, 1688இல் ஔரங்கசீப்பின் அனுமதியோடு நிலைபெற்றனர். ஜாப் சார்னாக் சுதானுட்டித் துறையில் வந்திறங்கியதோ 1690இல். வங்க மண்ணில் இருந்த அந்த ஊருக்கு ஆணைகள் தமிழ் மண்ணிலிருந்து, அதாவது புதுச்சேரியிலிருந்து, சென்றன என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி தருவது. 1731 முதல் பத்தாண்டு காலம் அங்கே தலைவராக இருந்து, கப்பல் வாணிகத்தால் அவ்வூரைச் செழிக்கச் செய்தவர் டூப்ளே. 1742இல் புதுவையின் கவர்னராகப் பொறுப்பேற்ற அதே டூப்ளேதான், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் நாம் நாள்தோறும் காணும் துரை. கங்கைக் கரையில் பயின்ற பாடத்தை அவர் நம் கடற்கரையில் ஒப்பித்தார் எனலாம்.

அந்தச் செழிப்பு நெடுநாள் நிற்கவில்லை. 1757 மார்ச்சில் தரைவழியே கிளைவும், ஆற்றுவழியே வாட்சனின் போர்க்கப்பல்களும் வந்து முற்றுகையிட, மார்ச் 23இல் ஆர்லியன்ஸ் கோட்டை வீழ்ந்தது. சரியாக மூன்று மாதம் கழித்து, ஜூன் 23இல், பிளாசிப் போர். பேரரசு பிறப்பதற்கு முன் அந்தச் சிற்றூர் பலியிடப்பட்டது என்றே சொல்லலாம். கோட்டையை ஆங்கிலேயர் தகர்த்தனர். 1763ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஊர் திரும்பக் கிடைத்தது, 1778இல் மீண்டும் பறிபோயிற்று, பிறகு கிடைத்தது, 1793இல் மறுபடியும் பறிபோய், 1816இல் நிலையாகத் திரும்பியது. ஐரோப்பாவில் இரு மன்னர்கள் பகைத்தால் இங்கே ஒரு கொடி இறங்கும். அவர்கள் கைகுலுக்கினால் அது மீண்டும் ஏறும். சிறியதன் விதி பெரும்பாலும் அதன் கையில் இருப்பதில்லை.

திரும்பக் கிடைத்ததும் விலங்கோடுதான் கிடைத்தது. கோட்டை கட்டக்கூடாது; ஊர்க்காவலுக்கு வேண்டிய வீரர்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது என்பவை நிபந்தனைகள். 1815ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, பிரெஞ்சிந்தியாவின் உப்பு வாணிக உரிமையை ஆங்கிலேயர் ஆண்டுக்கு நான்கு லட்சம் சிக்கா ரூபாய்க்கு வாங்கிக்கொண்டனர். கல்கத்தா ஏலத்தில் முந்நூறு பெட்டி அபினியைச் சராசரி விலைக்கு எடுத்துக்கொள்ளப் பிரெஞ்சுக்காரர்க்கு இடமளித்தனர். அண்டை வீட்டுக்காரன் அளந்து ஊற்றும் பாலில் வளரும் குழந்தையின் நிலை அது.

இரண்டு வாழ்க்கைகள்

பேரரசின் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கிடைத்தவை சிறியன அல்ல. 1854இல் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு ரயில் ஓடிற்று. 1857இல் பல்கலைக்கழகம் எழுந்தது. 1862இல் உயர்நீதிமன்றம் வந்தது. துறைமுகமும், சணல் ஆலைகளும், வாணிக அலுவலகங்களும் பல்லாயிரவர்க்குச் சோறிட்டன. கணக்கெழுதவும் சுருக்கெழுத்தெழுதவும் தெற்கிலிருந்து நம் முன்னோரை இழுத்து வந்தது அந்தப் பெருமையே அன்றோ? அதனை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆனால், சோற்றோடு வாய்ப்பூட்டும் வந்தது. 1878இல் ஆயுதச் சட்டம். 1910இல் பத்திரிகைச் சட்டம். கேட்க ஆள் இல்லாத பெருமை அது.

வேலிக்கு அப்பால் இருந்த மூன்று சதுர மைலில் வேறு வாழ்க்கை. 1871 முதல், பாரிஸ் பாராளுமன்றத்திற்குப் பிரெஞ்சிந்தியா ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது. கல்கத்தாவின் பெரும் வழக்கறிஞர்களுக்கும் வாய்க்காத வாக்குரிமை, சந்திரநாகூரின் நெசவாளிக்கும் புதுவையின் மீனவனுக்கும் ஏட்டளவிலேனும் இருந்தது. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு என்பதை எஞ்சிய இந்தியா 1951-52 தேர்தலில்தான் கண்டது.

இதனால் தீவைச் சொர்க்கமென எண்ணிவிடலாகாது. உள்ளூர்ச் சபைத் தேர்தல்களில் ஐரோப்பியர்க்கு ஒரு பட்டியலும் இந்தியர்க்கு வேறொரு பட்டியலும் இருந்தன. கைப்பிடியளவினரான ஐரோப்பியரின் வாக்கே கனத்தது. தேர்தல் நாள்களில் தடியடியும் பொய் வாக்கும் மலிந்திருந்தன. கல்கத்தாத் துறையிலிருந்து மொரீஷியஸுக்கும் டிரினிடாட்டுக்கும் பிரிட்டிஷ் கூலிக்கப்பல்கள் சென்றதுபோலவே, புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரீயூனியனுக்கும் மார்டினிக்குக்கும் நம் மக்களை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் சென்றன. ஏழையின் முதுகைப் பொறுத்தவரையில் பெரிய அரசும் சிறிய அரசும் ஒன்றே.

ஆயினும், பெரிய அரசின் கை நீளாத ஓர் இடம் அருகில் இருக்கிறது என்ற ஒன்றே பெரும் பொருளாயிற்று. அரசியலில் மட்டும் அன்று. அச்சுத் தொழிலிலும் அப்படித்தான். ஹூக்ளிக் கரையிலேயே சீராம்பூர் என்னும் இன்னொரு சிறு தீவு இருந்தது. அது டேனியருடையது, நம் தரங்கம்பாடியோடு ஒரே கொடியின் கீழ் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் மண்ணில் பாதிரிமார்க்கு இடமளிக்காத காலத்தில், வில்லியம் கேரி 1800இல் அங்கே குடியேறி அச்சகம் அமைத்தார். தமிழ் அச்சுக்குத் தரங்கம்பாடி செய்ததை வங்க அச்சுக்குச் சீராம்பூர் செய்தது. அவ்விரு ஊர்களையும் 1845இல் டேனியர் சேர்த்தே பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டனர் என்பதையும் நினைவிற்கொள்க.

கங்கையிலிருந்து புதுவைக்கு

சந்திரநாகூரின் பெருநாள்கள் சுதேசி இயக்கத்தோடு வந்தன. ஆயுதச் சட்டம் அங்கே செல்லாது. ஆகவே துப்பாக்கிகள் அவ்வழியே நுழைந்தன. அதனைத் தடுக்க முற்பட்ட நகரத் தலைவர் தார்திவேலின் வீட்டில் 1908 ஏப்ரலில் குண்டு விழுந்தது. அவர் உயிர் தப்பினார். அதே ஆண்டு நவம்பரில் அலிப்பூர்ச் சிறையில் தூக்குமேடை ஏறிய கனாயிலால் தத்தர் அவ்வூர் மகன். 1912இல் டில்லியில் ஹார்டிஞ்ச் பிரபுவின்மீது வீசப்பட்ட குண்டிற்குப் பின்னணியில் இருந்த ராஷ் பிஹாரி போஸ், சந்திரநாகூரில் படித்து வளர்ந்தவர்.

1910 பிப்ரவரியில் அரவிந்தர் கல்கத்தாவிலிருந்து படகேறி, இரவோடிரவாகச் சந்திரநாகூர் சேர்ந்தார். மோதிலால் ராய் அவரை மறைத்து வைத்துக் காத்தார். ஏப்ரல் முதல் நாள் கல்கத்தாத் துறையிலிருந்து கப்பலில் புறப்பட்டு, 4ஆம் நாள் புதுவை அடைந்தார். அந்தக் கப்பலின் பெயர் டூப்ளே! நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் அப்பெயருடையவர் சென்ற அதே வழியில், ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்கு அவர் சென்றார்.

புதுவையில் அவருக்கு முன்னரே, 1908 முதல், பாரதியார் வாழ்ந்துகொண்டிருந்தார். சென்னையில் முடங்கவிருந்த 'இந்தியா' இதழ் அங்கே உயிர்த்தெழுந்தது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷார் புதுவைக்குள் புகுந்து அச்சகத்தைப் பூட்டவில்லை. தம் எல்லைக்குள் இதழ் வரக்கூடாது என்று தடுத்தனர். 1910இல் இதழ் நின்றது. எழுதுகிறவர் தீவில் பத்திரமாக இருந்தார். படிக்கிறவர்கள் அக்கரையில் இருந்தார்கள். புகலிடம் உயிரைக் காக்கும். குரலைக் காக்க அது மட்டும் போதாது. இருந்தும், பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் அந்தச் சிறையனைய சுதந்திரத்தில்தான் விளைந்தன. பத்தாண்டுக்குப்பின், 1918 நவம்பரில் எல்லையைக் கடந்தவுடன் கடலூரில் கவிஞரைக் கைது செய்தனர்.

சிறியதன் வேலி எவ்வளவு மெலிந்தது என்பதை 1930 செப்டம்பர் காட்டியது. சிட்டகாங் ஆயுதசாலைத் தாக்குதலில் ஈடுபட்ட இளைஞர் சிலர் சந்திரநாகூரில் ஒளிந்திருந்தனர். கல்கத்தாப் போலீஸ் கமிஷனர் டெகார்ட் தன் படையோடு நள்ளிரவில் பிரெஞ்சு மண்ணிற்குள் நுழைந்து வீட்டை வளைத்தார். இளைஞர் ஜீபன் கோஷால் குண்டடிபட்டு மாண்டார், ஏனையோர் பிடிபட்டனர். பெரியவன் பொறுத்திருக்கும் வரையில்தான் சிறியவனின் எல்லைக்கோடு எல்லைக்கோடு.

தீவு கரைந்த நாள்

1947இல் பேரரசு போயிற்று. பகைக்கு அஞ்சிப் புகலிடமாய் நின்ற ஊருக்கு, அந்தப் பகையே இல்லாமற்போயிற்று. 1949 ஜூன் 19ஆம் நாள் ஊர் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஏழாயிரத்திற்கு மேற்பட்டோர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். எதிர்த்தோர் நூற்றுச் சொச்சமே. 1950 மே 2இல் நிர்வாகம் கைமாறிற்று. 1954 அக்டோபர் 2இல் சந்தன்நகர் மேற்கு வங்கத்தோடு சேர்ந்தது. அதே மாதம் 18ஆம் நாள், கீழூரில் கூடிய புதுவைப் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்பிற்கு இசைந்தனர். நவம்பர் முதல் நாள் அங்கும் மூவண்ணக் கொடி ஏறிற்று. எந்தப் பீரங்கியும் முழங்கவில்லை.

கரைந்துபோயிற்றா அந்தத் தீவு? இன்றும் சென்று பாருங்கள். கிராண்ட் டிரங்க் சாலையில், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற சொற்களைப் பிரெஞ்சு மொழியில் தாங்கிய வாயில் நிற்கிறது. ஆற்றங்கரையில் நிழலடர்ந்த ஸ்ட்ராண்ட் சாலை இருக்கிறது. டூப்ளேயின் பெயரால் வழங்கும் மாளிகை அருங்காட்சியகமாக இருக்கிறது. ஜகத்தாத்ரியின் விளக்கொளி வங்கம் முழுவதையும் அழைக்கிறது. அவ்வூர் தன் எல்லைக்கல்லை இழந்தது, முகத்தை இழக்கவில்லை.

நமக்கும் இதில் ஒரு சொல் உண்டு. இம்மாநகரில் நாமும் ஒரு சிறு தீவே. நம் வீட்டுக் கோலமும், சங்கத்து மேடையும், ஞாயிறு தோறும் குழந்தைகள் எழுதும் அகரமும் அத்தீவின் மண். நகரம் பெரிது, அது நமக்குச் சோறும் கல்வியும் தந்தது. வேலியை உயர்த்திக்கொண்டு உள்ளே ஒடுங்கினால், படிப்பவர் இல்லாத இதழ்போல நம் தமிழ் நின்றுவிடும். வேலியே வேண்டாவென்று கலந்து மறைந்தால், பிறருக்குக் கொடுக்க நம்மிடம் ஒன்றும் மிஞ்சாது. அரவிந்தரைச் சந்திரநாகூர் காத்துப் புதுவைக்கு அனுப்பியது. பாரதியைப் புதுவை காத்துத் தமிழுக்கு அளித்தது. சிறியதன் பெருமை அதன் பரப்பில் இல்லை. அது எதனைக் காத்து, எவர்க்கு அளித்தது என்பதில் இருக்கிறது.

வரும் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு, நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்த ஆற்றங்கரையில் அமர்வோமாக. அவர்களுக்கு இக்கதையைத் தமிழில் சொல்வோமாக; அங்குள்ள பெரியவர் ஒருவர் தம் ஊர்க்கதையை வங்காளத்தில் சொன்னால், அதனை அவர்கள் நமக்கு விளக்கிச் சொல்லட்டும்.