மலிவும் மட்டமும்

சீனச் சரக்கு என்றாலே முகம் சுளிக்கப் பழகியிருக்கிறோம். ஆம்ப்ளிஃபயரின் வரலாறு இப்பழக்கத்தைச் சற்றே அசைக்கிறது.

ஆத்யா திரிபாதி 1995இல் கலிபோர்னியாவில் டிரைபாத் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் டி.ஏ.2020 சில்லு 1998இல் வந்தது. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாக வீணாகும். அதைத் தணிக்கக் கனத்த உலோகத் தகடுகள் வேண்டும். இச்சில்லோ ஒலியலையை நுண்ணிய மின்துடிப்புகளாக மாற்றி அவ்விழப்பைப் பெரிதும் குறைத்தது. எடை குறைந்தது; விலையும் குறைய வழி பிறந்தது.

2007இல் டிரைபாத் திவாலானது. சில்லு மறையவில்லை. சீன உற்பத்தியாளர்கள் அதைச் சிறு பெட்டிகளில் பொருத்தி விற்றனர். லெப்பாய் அவற்றுள் பெயர்பெற்றது. பன்மடங்கு விலையுள்ள கருவிகளோடு ஒப்பிட்டுக் கேட்டோர் வியந்தனர்.

குறை இல்லாமலில்லை. பெட்டிமேல் எழுதிய வாட் கணக்கை நம்பி ஒலியைக் கூட்டினால் சிதைவு செவியில் அறையும். சிறிய அறையில் அளவோடு கேட்போர்க்கே அதன் தெளிவு வாய்க்கும்.

ஆக, சிக்கனம் பிறந்தது வடிவமைப்பில். அதை எளியோர்க்கு எட்டச் செய்தது சீன உற்பத்தி. இரண்டில் ஒன்றை மறைத்து எழுதும் வரலாறு அரைவரலாறே. நல்லிசை செல்வர்க்கே உரியதன்று என்பதை அச்சிறு பெட்டிகள் மெய்ப்பித்தன. விலைச்சீட்டையும் நாட்டின் பெயரையும் ஒதுக்கிவிட்டு, நம் செவியை நடுவராக்குவோம்.