கோடை விடுமுறைக்கு வந்த மாணவர்கள்

1962 கோடையில், வாஷிங்டன் நகரை ஒட்டிய மேரிலாந்துப் பகுதியில், டிம்பர்லான் என்ற பண்ணை வீட்டின் புல்வெளியில் ஒரு பகல்நேர முகாம் தொடங்கியது. அந்த வீட்டில் குடியிருந்தவர் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர், அன்றைய அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் தங்கை. கணவர் சார்ஜென்ட் ஷ்ரைவர், அமெரிக்க அரசின் வெளிநாட்டுத் தொண்டு அமைப்பான பீஸ் கோரின் முதல் இயக்குநர். முகாமுக்கு வந்தவர்கள் அறிவுசார் குறைபாடு உள்ள முப்பத்துச் சொச்சம் குழந்தைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ள யூனிஸ் சேர்த்துக்கொண்டது அக்கம்பக்கத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும் கல்லூரி மாணவர்களையும்.

முகாம் பிறந்த கதையை யூனிஸ் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பெதஸ்டாவில் வசித்த ஒரு தாய் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். கோடை விடுமுறையில் தன் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள ஒரு முகாமும் கிடைக்கவில்லை என்று சொன்னார். அப்படியானால் இங்கே அழைத்து வாருங்கள், நானே முகாம் நடத்துகிறேன் என்று யூனிஸ் சொல்லிவிட்டார். வாஷிங்டன் வட்டாரத்துச் சிறப்புப் பள்ளிகளிலும் மருத்துவ மையங்களிலும் விசாரித்துக் குழந்தைகளைத் திரட்டினார்கள். ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு ஒரு மாணவர் என்று கணக்கு அமைந்தது. இந்தக் கணக்குதான் பிறகு வந்த பலவற்றுக்கும் அடிப்படை.

வந்த மாணவர்களில் பலர் அப்படிப்பட்ட குழந்தைகளோடு அதற்கு முன் பழகியிருக்க வழியே இல்லை. அன்றைய அமெரிக்காவில் அந்தக் குழந்தைகள் யார் கண்ணிலும் படாதபடிதான் வளர்க்கப்பட்டார்கள். பிறந்ததுமே விடுதியில் சேர்த்துவிடுங்கள், மறந்துவிடுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்லும் மருத்துவர்கள் நிறையப் பேர். நியூயார்க்கின் வில்லோபுரூக் அரசு விடுதி 4,000 பேருக்காகக் கட்டப்பட்டது. 1965-ல் அங்கே 6,000-க்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பர்ட்டன் பிளாட் என்ற பேராசிரியர் ஒரு புகைப்படக்காரரோடு இத்தகைய விடுதிகளுக்குள் போனார். இடுப்பு பெல்ட்டில் மறைத்து வைத்த கேமராவால் எடுத்த படங்கள் அடுத்த ஆண்டு புத்தகமாக வந்தபோதுதான், உடுத்தத் துணியில்லாமல் வெறுந்தரையில் கிடக்கும் மனிதர்களை நாடு பார்த்தது. வீட்டிலேயே வளர்ந்த குழந்தைகளின் நிலை இதைவிட மேல்தான். ஆனாலும் பள்ளி இல்லை, விளையாட்டு இல்லை, கூட்டாளி இல்லை.

யூனிஸுக்கு இது சொந்த வீட்டுத் துயரம். மூத்த அக்கா ரோஸ்மேரிக்குக் கற்பதில் சிரமம் இருந்தது. சிறுவயதில் அக்காவும் தங்கையும் சேர்ந்து நீந்தினார்கள், பாய்மரப் படகு ஓட்டினார்கள். 1941-ல், ரோஸ்மேரிக்கு 23 வயது இருக்கும்போது, தந்தை அவருக்கு மூளையில் லோபாட்டமி அறுவை சிகிச்சை செய்ய ஏற்பாடு செய்தார். சரியாகப் பேசவோ நடக்கவோ முடியாத நிலைக்கு அவர் தள்ளப்பட்டார். மீதி வாழ்நாளின் பெரும்பகுதி விஸ்கான்சினில் ஒரு கத்தோலிக்க விடுதியில் கழிந்தது. முகாம் நடந்த அதே 1962-ன் செப்டம்பரில் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் யூனிஸ் ஒரு கட்டுரை எழுதி, தன் அக்காவைப் பற்றி நாட்டுக்குச் சொன்னார். அதிபரின் குடும்பமே வாய் திறந்தது, இத்தகைய பிள்ளைகளை மறைத்து வைத்திருந்த எத்தனையோ வீடுகளுக்கு ஒரு தெம்பு. அறுவை சிகிச்சை பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. அந்த உண்மை வெளியே வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

டிம்பர்லானில் என்ன நடந்தது? நீச்சல், குதிரைச் சவாரி, பந்து விளையாட்டு, டிராம்போலின் குதியல், மரம் ஏறுதல். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் இந்தக் குழந்தைகளின் உடம்பு இதற்கெல்லாம் தாங்காது என்பதுதான் அன்று பரவலான நம்பிக்கை. நீச்சல் குளத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். தண்ணீரையே தொடாத ஒரு பையனைக் குளத்தில் இறக்க, முதலில் படியில் அவனோடு உட்கார வேண்டும். கால் நனைய வேண்டும், பிறகு முழங்கால். அவன் இரண்டு கைகளாலும் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். மூச்சு முட்டினாலும் விலக்கிவிடக் கூடாது. முப்பது குழந்தைக்கு மூன்று ஆசிரியர் என்ற ஏற்பாட்டில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. அந்தப் பையனுக்கென்றே ஒருவர் வந்திருந்தால்தான் அரை நாளைப் படிக்கட்டிலேயே கழிக்க முடியும். யூனிஸும் தண்ணீரில் இறங்கிக் குழந்தைகளோடு நின்றார். அதிபரின் தங்கை ஈரத் துணியோடு நிற்கும்போது, கல்லூரி மாணவர் கரையில் நின்று வேடிக்கை பார்க்க முடியுமா?

மாணவர்களிடம் பட்டமோ பயிற்சியோ பெரிதாக இல்லை. இந்தக் குழந்தையால் எது முடியாது என்ற பட்டியலும் அவர்கள் தலையில் ஏறியிருக்கவில்லை. நிபுணர் தயங்கும் இடத்தில் பதினேழு வயதுப் பையன், வா, ஏறிப் பார்க்கலாம் என்று மரத்தடிக்கு அழைத்துப் போய்விடுவான். அந்த அறியாமை அங்கே உண்மையிலேயே பயன்பட்டது.

அறிவியலும் அப்போது மெல்லப் பக்கம் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. பிரிட்டனில் ஜேம்ஸ் ஆலிவர் 1958-ல் வெளியிட்ட ஆய்வு, உடற்பயிற்சி கொடுத்தால் இத்தகைய சிறுவர்கள் வகுப்பறையிலும் முன்னேறுகிறார்கள் என்று காட்டியது. கனடாவின் டொரன்டோவில் ஃபிராங்க் ஹேடன், இவர்களின் உடல்திறன் மற்றக் குழந்தைகளுடையதில் பாதியளவே இருப்பதை அளந்து பார்த்தார். குறைபாடு அதற்குக் காரணம் இல்லை, ஓடியாட யாரும் விடாததே காரணம் என்பது அவர் கண்டது. கென்னடி குடும்பத்தின் அறக்கட்டளை டிம்பர்லான் மாதிரியில் வேறு ஊர்களிலும் முகாம்கள் நடத்தப் பணம் கொடுத்தது. ஹேடனையும் 1965-ல் அழைத்துக்கொண்டது.

1968 ஜூலை 20, சிகாகோ, சோல்ஜர் ஃபீல்ட் மைதானம். நகரப் பூங்காத் துறையில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த ஆன் மெக்லோன் பர்க் என்ற இளம்பெண் முன்வைத்த யோசனை, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான முதலாம் சிறப்பு ஒலிம்பிக்ஸாக வளர்ந்திருந்தது. அமெரிக்காவின் 26 மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் சுமார் ஆயிரம் பேர் போட்டியிட வந்திருந்தார்கள். யூனிஸின் தம்பி ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு ஏழு வாரம்கூட ஆகவில்லை. துக்கத்தோடுதான் யூனிஸ் அங்கே வந்து விழாவைத் தொடங்கி வைத்தார். பல்லாயிரம் பேர் அமரக்கூடிய அந்த மைதானத்தில் பார்வையாளர்கள் நூறு பேர்கூட இல்லை.

சிறப்பு ஒலிம்பிக்ஸ் வளர வளர, மாணவத் தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். ஓட்டப் பந்தயத்தின் முடிவுக் கோட்டில் பாதைக்கு ஒருவராக நின்று, ஓடி வருபவரை முதலிடமோ கடைசியோ பார்க்காமல் கட்டி அணைப்பது அவர்களில் சிலருக்குத் தரப்பட்ட வேலை. ஹக்கர், அதாவது அணைப்பவர், என்றே அவர்களுக்குப் பெயர். நல்லெண்ணத்தில் பிறந்த வழக்கம்தான். ஆனால் ஓடி வருபவருக்கு முப்பது வயது இருக்கலாம், அணைப்பவருக்குப் பதினாறு. முன்பின் தெரியாதவர் தன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று வேறு எந்த விளையாட்டு வீரர் விரும்புவார் என்று மாற்றுத்திறனாளி உரிமைப் போராளிகள் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. டிம்பர்லான் படிக்கட்டில் உட்கார்ந்த மாணவருக்குத் தன் பையனைத் தெரியும். கோட்டில் நிற்கும் மாணவருக்கு வருபவர் பெயர்கூடத் தெரியாது. தலைக்கு ஒருவர் என்ற ஏற்பாட்டிலிருந்து பழக்கத்தை உருவிவிட்டால் மிஞ்சுவது இதுதான்.

யூனிஸின் கடைசி மகன் ஆன்டனி ஷ்ரைவர், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அந்தப் பழக்கத்தையே மையமாக்கி ஒரு மாணவர் அமைப்பைத் தொடங்கினார். 1989-ல் அது ‘பெஸ்ட் பட்டீஸ்’ என்ற நிறுவனம் ஆனது. போட்டி, பயிற்சி எதுவும் கிடையாது. ஒரு கல்லூரி மாணவரும் அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரும் சேர்ந்து படத்துக்குப் போவது, பீட்சா சாப்பிடுவது, தொலைபேசியில் பேசிக்கொள்வது. நட்பே நோக்கம். இதிலும் ஒரு வலி இருக்கிறது. மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார். இன்னொருவர் அதே ஊரில், அதே வீட்டில், அடுத்த ஆண்டு யார் வருவார் என்று காத்திருப்பார்.

விருப்பத்தால் செய்த மாணவத் தொண்டு பிறகு கட்டாயமும் ஆனது. 1992-ல் மேரிலாந்து மாநிலம், உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்க 75 மணி நேரச் சமூக சேவைக் கல்வி கட்டாயம் என்று முடிவு செய்தது. 1997-ல் படிப்பை முடித்த அணியிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் இப்படி ஆணையிட்ட முதல் மாநிலம் அதுதான். டிம்பர்லான் இருந்த அதே மாநிலம். கட்டாயத்தால் வந்தாலும் சில பிள்ளைகள் அதில் நிலைத்துவிடுவார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் மணிக்கணக்கு மாணவருடைய ஏட்டில் ஏறுகிறது. யாருக்காக அந்த மணிகள் செலவாயினவோ அந்தக் குழந்தைக்கு என்ன கிடைத்தது என்று எழுத அந்த ஏட்டில் இடம் போதாது.

இதே காலத்தின் இன்னொரு முகாமைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை பாதிதான். நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில், ஹன்டர் என்ற ஊருக்கு அருகே, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக 1951-ல் தொடங்கிய முகாம் ஜெனெட். போலியோ வந்தவர்கள், பெருமூளை வாதம் உள்ளவர்கள், பிறவியிலேயே முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள். 1970 வாக்கில் அங்கே உதவியாளராக வந்தவர்களில் பலர் நீள முடியும் கிதாருமாகத் திரிந்த ஹிப்பி காலத்து இளைஞர்கள். தூக்கி உட்கார வைப்பது, ஊட்டுவது, குளிப்பாட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது எல்லாவற்றையும் அங்கே வந்துதான் கற்றுக்கொண்டார்கள்.

ஜெனெட்டைத் தனியாக நிறுத்துவது வேறொன்று. அங்கே உதவியாளர்களில் சிலரே சக்கர நாற்காலியில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜூடித் ஹியூமன். 1947-ல் பிறந்து, ஒன்றரை வயதில் போலியோவால் நடக்கும் திறனை இழந்தவர். விடுதியில் விட்டுவிடச் சொன்ன மருத்துவரின் பேச்சைப் பெற்றோர் கேட்கவில்லை. நாஜி ஜெர்மனியிலிருந்து பிழைத்து வந்த யூதக் குடும்பம் அது. ஐந்து வயதில் பள்ளிக்கு அழைத்துப் போனபோது, சக்கர நாற்காலி தீ விபத்து நேரத்தில் ஆபத்து என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் வீட்டுக்கு வந்து பாடம் சொன்ன ஆசிரியர்தான் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு அவருடைய பள்ளிக்கூடம். ஒன்பது வயதிலிருந்து கோடைதோறும் ஜெனெட்டுக்குப் போனார். வளர்ந்ததும் அங்கேயே உதவியாளர் ஆனார்.

1971 கோடையில் சில இளம் வீடியோக் கலைஞர்கள் அங்கே படம் பிடித்தார்கள். அந்தச் சுருள்கள் 2020-ல் வெளிவந்த ‘கிரிப் கேம்ப்’ ஆவணப்படத்தில் இருக்கின்றன. அதை இயக்கிய இருவரில் ஜேம்ஸ் லெபிரெக்ட், பதினைந்து வயதில் அதே முகாமில் இருந்தவர். படத்தின் ஒரு காட்சியில், சமையல்காரரின் விடுமுறை நாளில் என்ன சமைப்பது என்று முடிவெடுக்க ஹியூமன் ஒரு கூட்டம் நடத்துகிறார்; ஒருவர் விடாமல் எல்லோரிடமும் கேட்கிறார். இன்னொரு காட்சியில் பெற்றோரைப் பற்றிப் பேச்சு வருகிறது. பேச்சு தெளிவாக வராத ஒரு பெண் நீளமாக ஏதோ சொல்கிறார். யாரும் இடையில் புகுந்து வாக்கியத்தை முடித்துவிடவில்லை. கேமராவும் நகரவில்லை. அவர் சொல்லி முடித்த பிறகு, தனியாக இருக்கும் உரிமையைப் பற்றிச் சொல்கிறார் என்று இன்னொருவர் புரிந்துகொண்டு எடுத்துச் சொல்கிறார். எப்போதும் யாராவது ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்கும் வாழ்க்கையில், கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை. உதவிக்கு வந்தவர் கேட்டே ஆக வேண்டிய பேச்சு. உதவி செய்பவரின் பார்வையிலிருந்து எழுதப்படும் எந்த அறிக்கையிலும் இது அகப்படாது.

ஹியூமன் ஆசிரியராக விரும்பினார். 1970-ல் நியூயார்க் கல்வி வாரியம் உடல்தகுதி இல்லை என்று உரிமம் மறுத்தது. வழக்குப் போட்டார். விசாரித்தவர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி, அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி. வாரியம் இறங்கி வந்தது. 1973-ல் வந்த மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ம் பிரிவு, அரசுப் பணம் பெறும் எந்த இடத்திலும் மாற்றுத்திறனாளியை ஒதுக்கக் கூடாது என்றது. அதற்கான விதிகளில் மட்டும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகளாகக் கையெழுத்து விழவில்லை. 1977 ஏப்ரல் 5 அன்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் சான் ஃபிரான்சிஸ்கோவில் அரசு அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னணியில் ஹியூமன், கூடவே ஜெனெட்டில் ஒன்றாக இருந்த சிலர். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் சூடான சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது, காது கேளாதவர்கள் சன்னல் வழியே சைகை மொழியில் வெளியே செய்தி சொன்னார்கள். புரட்டிப் படுக்க வைக்கவும், கழிப்பறைக்கு அழைத்துப் போகவும், மருந்து எடுத்துத் தரவும் ஒருவருக்கொருவர் ஆளானார்கள். முகாமில் பழகிய கை அது. மூன்று வாரம் தாண்டி, ஏப்ரல் 28 அன்று துறை அமைச்சர் ஜோசப் கலிஃபானோ அந்த விதிகளில் கையெழுத்திட்டார்.

ஜெனெட் அதே 1977-ல் பணமில்லாமல் மூடப்பட்டது. 1980-ல் வேறு இடத்தில் மறுபடி திறந்து 2009 வரை நடந்தது.

1975-ல் எல்லா மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் கல்வி என்ற சட்டத்தை இயற்றியபோது, பத்து லட்சம் குழந்தைகள் அரசுப் பள்ளிகளிலிருந்து முற்றாக விலக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றம் அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. அதன்படி பள்ளிகள் நடக்கின்றனவா என்று மேற்பார்க்கும் கல்வித் துறை உதவிச் செயலாளர் பதவியில் 1993 முதல் 2001 வரை இருந்தவர் ஜூடித் ஹியூமன்.