தோட்டத்து லயத்து வீடு: வரலாறும் சான்றுகளும்

ஒரு குடும்பத்தின் பழைய வீட்டு வரலாற்றை ஆராய்வோர் நிலப்பட்டாவிலிருந்து தொடங்குவது இயல்பு. மலாயாத் தோட்டங்களின் லயத்து வீடுகளுக்கு அவ்வழி பொருந்தாது. நிலமும் கூரையும் தோட்ட நிருவாகத்திற்கே உரியனவாக இருந்தன. 1910இல் ஒப்பந்தக் கூலிச் சேர்ப்பு நிறுத்தப்பட்ட பின்னரும் இந்நிலை மாறவில்லை. 1966ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுத்தரச் சட்டமும் வீட்டின் தரத்தை வரையறுத்ததேயன்றி உடைமையை வழங்கவில்லை. தலைமுறைகள் வாழ்ந்த வீடாயினும், வேலை முடிந்ததும் அதைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. ஆகவே, பிறந்த இடமாகத் தோட்டப் பெயர் பதிந்த பிறப்புப் பத்திரங்கள், தமிழ்ப்பள்ளிப் பதிவேடுகள், மூத்தோரின் வாய்மொழி ஆகியவற்றையே நாம் சான்றுகளாகக் கொள்கிறோம். லயங்கள் பல இடிக்கப்பட்டுவிட்டன. அவற்றில் வாழ்ந்த மூத்தோரின் நினைவுகளைத் தொகுப்பது காலந்தாழ்த்தக் கூடாத பணியென நாம் கருதுகிறோம்.